நாவலோடு ஊர் ஊராகச் சென்ற நகைச்சுவையாளர்

பெண்ணைப் பெற்றுவிடலாம், வளர்த்தும் விடலாம். நல்ல இடத்தில் கொடுத்து முடிப்பதற்குள்தான் போதும் போதுமென்றாகிவிடும் என்று பெரியோர் சொல்வர். நூலாசிரியர் நிலையும் ஏறத்தாழ இதுவே. எழுதும்பொழுது அவருக்குத் துணை அவருடைய கற்பனை. எழுதி முடித்த பின்னரோ அச்சகம், ஓவியர், முகவர், கடைக்காரர், திறனாய்வாளர், நூலகக் குழுவினர் என ஒரு பெருங்கூட்டமே குறுக்கே வந்து நிற்கின்றது. அக்கூட்டத்தைக் கடந்துதான் நூல் வாசகர் கையை அடைய வேண்டும்.

இந்தப் பாட்டை முழுமையாகப் பட்டவர், பட்டதையெல்லாம் சிரிப்பாக மாற்றியவர், அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெயின். 'ஹக்கிள்பெரி ஃபின்னின் தீரச் செயல்கள்' என்னும் தம் நாவலை விற்பதற்கு 1884, 1885 ஆகிய ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட முயற்சி, இலக்கிய வரலாற்றில் சுவைமிக்க ஓர் அத்தியாயமாகும். இன்று அமெரிக்க இலக்கியத்தின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக எண்ணப்படும் அந்நூல், பிறந்தபொழுது எத்தனை இடர்களுக்கு உள்ளாயிற்று என்பதை ஈண்டுக் காண்போம்.

ஆசிரியரே பதிப்பாளரானார்

சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ் என்பது டுவெயினின் இயற்பெயர். 1835ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹானிபல் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். அச்சுக்கோப்பவராகவும், ஆற்றுக் கப்பல் செலுத்துபவராகவும், செய்தியாளராகவும் பணியாற்றிய பின்னர் எழுத்தாளரானவர். ஆகவே, எழுத்தை ஈயத்தில் கோப்பதும் அவர் அறிந்ததே. தாளில் கோப்பதும் அவர் அறிந்ததே.

1876இல் 'டாம் சாயர்' வெளிவந்தது. அந்நூல் அவருக்குப் புகழைத் தந்த அளவிற்குப் பொருளைத் தரவில்லை. கனடாவில் சிலர் அனுமதியின்றி அதனை மலிவாக அச்சிட்டு, எல்லை கடந்து அமெரிக்காவிலும் விற்றனர். பதிப்பாளர்கள் மீதும் அவருக்கு நம்பிக்கை குறைந்தது. தம் உழைப்பின் பயனைப் பிறர் உண்ணுகின்றனர் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது. எனவே, 1884இல் தாமே முதலிட்டுப் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். தம் உடன்பிறந்தார் மகளை மணந்திருந்த சார்லஸ் வெப்ஸ்டர் என்னும் இளைஞரை அதற்குத் தலைவராக்கி, அவர் பெயரையே பதிப்பகத்திற்கும் சூட்டினார். அப்பதிப்பகத்தின் முதல் நூல்தான் 'ஹக்கிள்பெரி ஃபின்'.

1876இல் எழுதத் தொடங்கி, இடையிடையே கிடப்பில் போட்டு, 1883இல் முடித்த நாவல் அது. ஏழாண்டு உழைப்பும் கைப்பொருளும் ஒருசேர அதில் அடங்கியிருந்தன. நூல் விழுந்தால் எழுத்தாளரும் விழுவார், பதிப்பாளரும் விழுவார், இருவரும் ஒருவரே என்பதுதான் இதில் உள்ள நகைச்சுவை!

வாயிற்படி தோறும் விற்பனை

அக்கால அமெரிக்காவில் நூல் விற்பனை இரு வகைப்பட்டது. கடைகளில் விற்பது ஒன்று. முன்னதாகவே கையொப்பம் பெற்று விற்பது மற்றொன்று. புத்தகக் கடைகள் பெருநகரங்களில்தான் இருந்தன. சிற்றூர் மக்களுக்கும் உழவர் குடும்பங்களுக்கும் முகவர்கள் வாயிலாகவே நூல்கள் சென்றன. உள்நாட்டுப் போர் முடிந்த பின்னர், போரில் காயமுற்ற வீரர்களும் கணவரை இழந்த பெண்களும் இத்தொழிலைப் பெரிதும் மேற்கொண்டனர்.

முகவர் கையில் மாதிரி நூல் ஒன்று இருக்கும். அதில் நாவலின் சில பக்கங்கள், கவர்ச்சியான படங்கள், துணிக்கட்டு, தோற்கட்டு ஆகியவற்றின் மாதிரிகள், இறுதியில் வாங்குவோர் பெயரெழுதக் கோடிட்ட வெற்றுத் தாள்கள் ஆகியன இருக்கும். ஊரின் பெரிய மனிதரிடம் முதலில் கையொப்பம் பெற்றுவிட்டால், மற்றவர்கள் தாமே தொடர்வர். 'அவரே வாங்கியிருக்கிறார், நாம் வாங்காதிருப்பதா?' என்ற எண்ணம் மனித இயல்பு. நம் தமிழகத்திலும் இம்முறை இருந்ததை நாம் அறிவோம். டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கக் கையொப்பம் சேர்த்த வரலாறு அவர்தம் தன்வரலாற்றில் விரிவாக உள்ளது. அமெரிக்காவில் டுவெயின் கையொப்பம் சேர்த்ததும், தமிழகத்தில் ஐயரவர்கள் கையொப்பம் சேர்த்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் என்பது எண்ணத்தக்கது.

வெப்ஸ்டருக்கு டுவெயின் எழுதிய கடிதங்களில் வணிக நுணுக்கம் மிகுந்து காணப்படுகின்றது. 40,000 படிகளுக்கு முன்பதிவு கிடைத்தாலன்றி நூலை வெளியிடுவதில்லை என்று 1884 ஏப்ரலிலேயே அவர் கட்டளையிட்டுவிட்டார். டிசம்பர் மாதமே விற்பனைக்கு ஏற்ற காலம் என்பதும் அவர் கணக்கு. கிறிஸ்துமஸ் பரிசாக நூல்கள் விற்பனையாகும் காலமன்றோ அது! துணிக்கட்டு நூலுக்கு 2.75 டாலர், தோற்கட்டுக்கு 3.25 டாலர், அதனினும் உயர்ந்த கட்டுக்கு 4.25 டாலர் என விலையும் வகுத்தாயிற்று. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, ஒரு படம் குறுக்கிடும் வரையில்.

ஒரு படத்தால் வந்த வினை

நூலுக்கு 174 படங்கள் வரைந்தவர் எட்வர்ட் கெம்பிள் என்னும் இருபத்துமூன்று வயது இளைஞர். அவருக்கு வாய்த்த மாதிரியோ ஒரே ஒரு சிறுவன். அச்சிறுவனே ஹக்காகவும் நின்றான். அடிமை ஜிம்மாகவும் நின்றான். பழைய பாவாடையை உடுத்துக்கொண்டு பெண்ணாகவும் நின்றான் என்று கெம்பிள் முதுமையில் நினைவுகூர்ந்துள்ளார். ஒரு பெருங்காப்பியத்தின் பாத்திரங்கள் அனைவரையும் ஒரே சிறுவன் தாங்கி நின்றது வியப்பே.

ஆயினும், வினை அங்கிருந்து வரவில்லை. அச்சுத் தகடு செய்யுமிடத்தில் இருந்த யாரோ ஒருவன், 283ஆம் பக்கத்தில் சைலஸ் என்னும் முதியவர் நிற்கும் படத்தில், நாகரிகமற்ற ஒரு கோட்டினைச் சேர்த்துவிட்டான். மெய்ப்புப் பார்த்தவர் கண்ணுக்கு அது தப்பியது. முகவர்கள் கையில் இருந்த மாதிரி நூல்களிலும் அப்படமே இருந்தது. 1884 நவம்பரில்தான் உண்மை வெளிப்பட்டது. வீடு வீடாகச் சென்று, குடும்பத்தினர் கூடியிருக்கும் கூடத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டும் முகவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்!

பதிப்பகம் பதறிற்று. முகவர்கள் அனைவரும் அப்பக்கத்தைக் கிழித்து அனுப்புமாறு பணிக்கப்பட்டனர். அச்சாகியிருந்த படிகளில் அத்தாளை வெட்டியெடுத்து, புதிய தாளை ஒட்ட வேண்டியதாயிற்று. குற்றவாளியைக் காட்டிக் கொடுப்போருக்கு 500 டாலர் பரிசு என்று வெப்ஸ்டர் அறிவித்தார். இறுதிவரை அவன் அகப்படவில்லை. செய்தித்தாள்கள் இச்செய்தியைச் சுவையோடு வெளியிட்டன. இலண்டனில் 1884 டிசம்பர் 10 அன்று வெளிவந்துவிட்ட நூல், ஆசிரியரின் சொந்த நாட்டில் 1885 பிப்ரவரி 18 அன்றுதான் வெளிவந்தது. டுவெயின் கணக்கிட்டு வைத்திருந்த கிறிஸ்துமஸ் காலம் கைநழுவிப் போயிற்று.

மேடையில் இரு மேதைகள்

நூல் வெளிவரும் முன்பே, மக்கள் செவியில் அதனை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று டுவெயின் திட்டமிட்டார். 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி இறுதிவரை, நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகளில் தம் படைப்புகளை வழங்கினார். இடையில் கிறிஸ்துமஸை ஒட்டிச் சில நாள்களே ஓய்வு. உடன் சென்றவர் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள் என்னும் நாவலாசிரியர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தவர். கிரியோல் மக்களின் வாழ்வைக் கதைகளில் வடித்தவர். மேடையில் அம்மக்களின் பாடல்களையும் பாடிக்காட்டுபவர். வாரம் 450 டாலர் ஊதியமும் பயணச் செலவும் தருவதாக டுவெயின் அவரை ஒப்பந்தம் செய்திருந்தார். 'மேதைமையில் இரட்டையர்' என்ற விளம்பரத்தோடு இருவரும் புறப்பட்டனர்.

இரட்டையர் என்பது விளம்பரத்தில் மட்டுமே. கேபிள் சமய ஒழுக்கத்தில் மிகுந்த பிடிப்புள்ளவர். ஞாயிற்றுக்கிழமையில் பயணம் செய்யமாட்டார். டுவெயினோ சுருட்டு புகைப்பவர், நள்ளிரவு வரை கதை பேசுபவர், பொறுமை என்பதை அதிகம் அறியாதவர். ஞாயிறுதோறும் ஏதேனும் ஓர் ஊரில் முடங்கிக் கிடக்க நேர்ந்தது அவருக்குப் பெரும் எரிச்சலைத் தந்தது. போதாக்குறைக்கு, மேடையில் கேபிள் எடுத்துக்கொள்ளும் நேரமும் நாளுக்கு நாள் நீண்டது. பயணம் முடியும் தறுவாயில் தம் நண்பர் ஹௌவெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், கேபிளின் அறிவாற்றல் தாம் எண்ணியதைவிடப் பெரியது என்று மனமாரப் பாராட்டிய டுவெயின், அடுத்த வரியிலேயே அவரோடு கழித்த ஞாயிற்றுக்கிழமைகளைக் குறித்துப் புலம்பித் தீர்த்துவிட்டார்.

இப்பயணத்தில் டுவெயின் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று, மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படுவது. தொடக்கத்தில் அவர் நூலைக் கையில் ஏந்தி அப்படியே படித்தார். அவையோர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை. எழுத்து நடை வேறு, பேச்சு நடை வேறு என்பது அப்பொழுதுதான் அவருக்குப் புலனாயிற்று. ஒரு வாரத்திற்குப் பின் நூலை ஒதுக்கி வைத்தார். கதையை மனத்தில் இருத்தி, அன்றன்றைக்கு வாயில் வரும் சொற்களால் கூறத் தொடங்கினார். ஒவ்வொரு மேடையிலும் சொற்கள் சிறிது மாறின; தேவையற்றவை உதிர்ந்தன; எங்கு நிறுத்தினால் சிரிப்பு எழும் என்பதை அவையோரே கற்பித்தனர். நூலின் பக்கத்தைவிட மேடையில் கதை உயிர்பெற்றது.

ஆயினும், சிரிக்க வைப்பவரின் உள்ளம் எப்பொழுதும் சிரிப்பதில்லை. ஒருநாள் இரவு நிகழ்ச்சி முடிந்து விடுதிக்குத் திரும்புகையில், தாம் வெறும் கோமாளியாகத் தாழ்ந்து போவதாக டுவெயின் வருந்திக் கூறியதைக் கேபிள் பின்னாளில் பதிவு செய்துள்ளார். தன் நூலை விற்பதற்காகத் தன்னையே விற்க வேண்டியுள்ளதே என்ற வேதனை அது. நூலுக்காக மேடையேறிய எழுத்தாளர் பலருக்கும் இவ்வேதனை புரியும்.

அதே பயணம் வேறொரு நன்மையையும் செய்தது. 1884 டிசம்பரில் ராச்செஸ்டர் நகரப் புத்தகக் கடை ஒன்றில், ஆர்தர் மன்னரின் கதைகளைக் கூறும் தாமஸ் மாலரியின் நூலைக் கேபிள் சுட்டிக்காட்ட, டுவெயின் அதனை வாங்கினார். அதிலிருந்து முளைத்ததே 1889இல் அவர் வெளியிட்ட 'ஆர்தர் மன்னர் அவையில் ஒரு கனெக்டிகட் யாங்கி' என்னும் நாவல். ஒரு நாவலை விற்கச் சென்ற வழியில் மற்றொரு நாவலின் விதை கிடைத்தது.

நீதிபதியின் வீடு விற்பனைக்கு!

இவ்வளவிற்கும் நடுவில் பாஸ்டன் நகரிலிருந்து மற்றோர் இடி விழுந்தது. எஸ்டெஸ் - லாரியட் என்னும் புத்தக நிறுவனம், தன் விலைப்பட்டியலில் 'ஹக்கிள்பெரி ஃபின்' 2.25 டாலருக்குக் கிடைக்கும் என்று அறிவித்திருந்தது. நூலோ இன்னும் வெளிவரவில்லை. முகவர்களோ 2.75 டாலர் என்று கூறிக் கையொப்பம் வாங்கிக்கொண்டிருந்தனர். அரை டாலர் குறைவாகக் கடையில் கிடைக்கும் என்றால், முகவரிடம் எவர் வாங்குவர்?

டுவெயின் தடையாணை கோரி வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. சினம் கொண்ட டுவெயின் கூறிய மறுமொழி புகழ்பெற்றது. பிறர் வாங்காத, தாம் விற்காத தம் பொருளைப் பிறர் விற்கலாம் என்று நீதிபதி தீர்ப்பளித்துவிட்டாராம். அத்தீர்ப்பின் வழியே நின்று, அந்நீதிபதி குடியிருக்கும் வீட்டைத் தாம் விற்பனைக்கு விளம்பரம் செய்யப்போவதாகவும், நல்ல விலை கிடைத்தால் அவருடைய எஞ்சிய சொத்துகளையும் விற்கத் தொடங்குவதாகவும் டுவெயின் அறிவித்தார். வழக்கில் தோற்றவர் பேச்சில் வென்றார். செய்தி நாடெங்கும் பரவிற்று. அதுவும் ஒரு விளம்பரமாகவே முடிந்தது.

தடை தந்த பரிசு

நூல் வெளிவந்த மறுமாதமே, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்ட் நகரப் பொது நூலகத்தின் குழுவினர், அதனைத் தம் நூலகத்தில் வைக்கலாகாது என்று நீக்கிவிட்டனர். எமர்சனும் தோரோவும் வாழ்ந்த ஊர் அது. ஆதலின், அம்முடிவிற்கு மதிப்பு மிகுதி. நாவலின் நடை கரடுமுரடானது, நகைச்சுவை தரமற்றது, கண்ணியமானோர்க்கு ஏற்றதன்று என்பன அவர்கள் கூறிய காரணங்கள்.

வேறோர் எழுத்தாளராயின் மனம் உடைந்திருப்பார். டுவெயினோ, இதனால் 25,000 படிகள் கூடுதலாக விற்பது உறுதி என்று வெப்ஸ்டருக்கு உடனே எழுதினார். பின்னர் அவ்வூரைச் சேர்ந்த கழகம் ஒன்று அவரைச் சிறப்பு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபொழுது, நன்றிக் கடிதத்தில் நூலகக் குழுவினர் தமக்குச் செய்த நன்மைகளை வரிசைப்படுத்தினார். பொது நூலகத்தில் உள்ள ஒரு படி, கடையில் பத்துப் படிகளின் விற்பனையை உறுதியாகத் தடுக்கும். நூறு படிகளின் விற்பனையையும் தடுக்கக்கூடும். அத்தடை இப்பொழுது நீங்கியது. இது முதல் நன்மை. நூல் வாங்குவோர் பொதுவாக 'படிக்க வேண்டும்' என்று எண்ணுவதோடு நின்றுவிடுவர். இப்பொழுதோ ஆவலால் உண்மையாகவே படிப்பர். படித்த பின், குற்றம் ஏதும் இல்லையே என்று ஏமாற்றமும் அடைவர். இஃது இரண்டாவது நன்மை. நூலகக் குழுவினர் நூல்களைப் படிப்பதில்லை என்ற குத்தலும் அதில் மறைந்திருந்தது.

சிரிப்பின் அடியில் ஓர் உண்மை உள்ளது. இந்நாவல், வீட்டை விட்டு ஓடிவந்த ஓர் ஏழைச் சிறுவனும், விடுதலை தேடித் தப்பி வந்த ஜிம் என்னும் அடிமையும் தெப்பத்தில் மிசிசிப்பியில் செல்லும் கதை. ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதே கடமை என்று சமுதாயம் அச்சிறுவனுக்குக் கற்பித்திருக்கிறது. நண்பனைக் காட்டிக்கொடுக்க அவன் நெஞ்சம் மறுக்கிறது. தான் செய்வது பாவம் என்று நம்பிக்கொண்டே அவன் நல்லதைச் செய்கிறான். நாவலின் உயிர் இங்கேதான் உள்ளது. நடை கரடுமுரடு என்று தள்ளியவர்கள், அந்நடையின் உள்ளே இருந்த அறத்தைக் காணவில்லை. பிற்காலத்தில் வேறு காரணத்திற்காகவும் இந்நூல் மீது வழக்கெழுந்தது. கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல் அதில் பலமுறை வருவது குறித்து, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அமெரிக்கப் பள்ளிகளில் விவாதம் நிகழ்ந்து வருகின்றது. அவ்விவாதம் மதிப்போடு அணுகத்தக்கது. ஆனால், படித்துவிட்டு மறுப்பது வேறு. படியாமலே விலக்குவது வேறு.

வெற்றிக்குப் பின்

டுவெயின் கணித்தவாறே நூல் விற்றது. சில மாதங்களுக்குள் 50,000 படிகளைக் கடந்தது. இப்பயணத்தின் தொடக்கத்திலேயே, நியூயார்க்கில் ஓர் அரங்கிலிருந்து திரும்பும் வழியில், முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் தம் நினைவுகளை எழுதவிருக்கிறார் என்ற செய்தியை அவர் செவியுற்றார். அந்நூலையும் தம் பதிப்பகத்திற்கே பெற்றார். 3,00,000 தொகுதிகளுக்கு மேல் அது விற்பனையாயிற்று. மறைந்த கிராண்டின் மனைவியாருக்கு 1886இல் 2,00,000 டாலருக்கான காசோலை வழங்கப்பட்டது.

ஆனால், வணிகம் என்றும் ஒரே முகம் காட்டுவதில்லை. பிற்பட்ட நூல்களில் நேர்ந்த இழப்பாலும், அச்சுக்கோக்கும் பொறி ஒன்றில் டுவெயின் கொட்டிய பெரும் பணத்தாலும், 1894இல் பதிப்பகம் நொடித்தது. கடன் முழுவதையும் தீர்ப்பதற்காக அறுபதாம் வயதில் மீண்டும் மேடையேறி உலகைச் சுற்றினார். 1896இன் தொடக்கத்தில் நம் இந்திய நாட்டிற்கும் வந்து பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களில் உரையாற்றினார். 1898இல் கடன் முழுவதும் தீர்ந்தது. சட்டப்படி செலுத்த வேண்டிய பங்கோடு நில்லாமல், அறத்தின்படி முழுத் தொகையையும் செலுத்தினார் என்பது அவர்தம் வாழ்வின் உயர்ந்த பக்கம்.

நாம் கொள்ளத்தக்கவை

எழுத விரும்பும் மாணவர்க்கு இவ்வரலாறு கூறுவன சில உள. நூலை விற்பது இழிவன்று. ஆனால், விற்பனைக்காக நூலை இழிவாக்கிக் கொள்ளலாகாது. டுவெயின் மேடையில் கோமாளியாக நிற்க ஒப்பினார். நாவலிலோ ஜிம்மின் மாண்பை எவர் சிரிப்பிற்காகவும் விட்டுக்கொடுத்துவிடலாகாது என்ற பொறுப்பு அவர் முன் இருந்தது. அப்பொறுப்பை அவர் எவ்வளவு நிறைவேற்றினார் என்பதை நூலைப் படித்து மாணவர்களே முடிவு செய்யட்டும்.

படம் கெட்டது, காலம் தவறியது, கடைக்காரர் முந்தினார், நீதிமன்றம் கைவிட்டது, நூலகம் தள்ளியது. ஐந்து அடிகளையும் ஐந்து சிரிப்புகளாக்கிய மனவலிமையே அவர்தம் முதலீடு. அவரைத் தடுத்த குழுவினரின் பெயர்கள் இன்று எவர் நினைவிலும் இல்லை. தெப்பத்தில் ஏறிய சிறுவன் மட்டும் இன்னும் பயணம் செய்துகொண்டிருக்கிறான்.

ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். வெளியீட்டு விழாக்களில் பொன்னாடை போர்த்துகிறோம், முதற்படி பெற்றுக்கொள்கிறோம், வாழ்த்துரை வழங்குகிறோம். இவை யாவும் வேண்டியனவே. இவற்றோடு, பெற்ற நூலை வீட்டிற்குச் சென்று பிரித்துப் படிப்பதையும் வழக்கமாக்கிக் கொள்வோமாக. ஓர் எழுத்தாளருக்கு அதனினும் பெரிய பொன்னாடை வேறில்லை.